மரம் ஏற்றிய கப்பல் சிகாகோ வந்தது

சிகாகோ, ஆற்றுப் பாலத்தடி,
3 டிசம்பர் 1908

அன்புள்ள சிக்ரிட்டுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகந்தானே? உன் இருமல் விட்டதா?

மிச்சிகன் ஏரியில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். மேல்தளத்தில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் மரங்களில் பனி உறைந்து கப்பல் சாய்ந்ததால், பாதி மரங்களை ஏரியிலேயே தள்ளிவிட்டோம். அப்போது நம்மூர் ஐவிந்த் வழுக்கி, கப்பல் விளிம்பைத் தாண்டிவிட்டான். நான் அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்தேன். எனக்குக் கையில் சிராய்ப்புதான், பயப்படாதே.

மீதி மரங்களைக் கப்பலில் வைத்தே விற்கிறோம். நேற்று ஒரு அம்மாள், "போன வருஷம் இதைவிட உசரமா இருந்துச்சே?" என்றாள்.

"உசரமானதையெல்லாம் மீனுங்க வாங்கிட்டுப் போயிடுச்சும்மா" என்றான் ஐவிந்த். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. பழையது ஏரியோடு போயிற்று. நீ சுட்ட ரொட்டி ஒன்றும் வை. பெரியவளை இரண்டு வரி எழுதச் சொல், கிறுக்கலானாலும் சரி.

இன்று கேப்டனிடம், விற்று முடித்ததும் ரயிலில் ஊர் திரும்புவதாகச் சொன்னேன்.

"என்னடா ஹால்வோர், இருபது வருஷமா ஏரியில கெடக்கறவனுக்குப் பயமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஆமாங்க, பயந்தான்" என்றேன்.

அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்விட்டார். கொஞ்சநேரம் கழித்து ஐவிந்த் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடு" என்றான்.

மரம் வாங்க ஆள் வந்தாயிற்று, கூப்பிடுகிறார்கள்.

உன்
ஹால்வோர்