‘அம்மாவின் தட்டு’ எழுதியவளுக்கு

இன்று கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். "எத்தனை வேணும், மிஸ்?" என்று கடைக்காரர் கேட்டார். நிற்காமல் நடந்துவிட்டேன்.

உன் கட்டுரையில் இருந்தது அந்தத் தட்டுத்தான். வெள்ளவத்தையில் உன் அம்மா சமைத்த வீட்டில், அவருக்கென்று தனியாக, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்திருந்தது. நீ யாரையும் திட்டவில்லை, பெயரும் எழுதவில்லை. "அம்மா சமைத்த சோறு எல்லா மேசைக்கும் போகும். அம்மாவின் தட்டு எந்த மேசைக்கும் போகாது" என்று எழுதியிருந்தாய். பத்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் அருகருகே இருந்தோம். பாடசாலைக் கட்டுரைப் போட்டியில் முதலாம் பரிசு உனக்கு.

பரிசு கொடுக்க வந்தவர் அந்த வீட்டுக்காரம்மாவே. உன்னை எங்கள் பாடசாலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நீ மேடையில் வாசித்து முடித்ததும் கைதட்டினார், அணைத்துப் படமும் எடுத்தார். மறுநாள் காலை உன் அம்மாவைக் கேற்றுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

அன்று கொட்டாஞ்சேனையில் உங்கள் அறையில் நானும் இருந்தேன்.

"பொய்யா எழுதுன?" என்றார் உன் அம்மா.

"இல்லம்மா, உண்மைதான்."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா? அத ஏன்டி எழுதுன?"

நீ மன்னிப்புக் கேட்டால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று அந்த வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். உனக்கும் அம்மாவுக்கும் துணையாக நானும் வந்தேன். வரவேற்பறை நிறைய விருந்தாளிகள். வீட்டுக்காரம்மா உன்னை நடுவில் நிற்க வைத்து, "வந்திருக்கிற இவைக்கும் அதை வாசிச்சுக் காட்டு, பிள்ளை" என்றார். வாசித்தாய். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்ல தமிழ். எங்கட சோறு திண்ட தமிழ். இனி எழுதாதை" என்றார் வீட்டுக்காரம்மா.

குசினிக் கதவருகில் நின்று கேட்ட உன் அம்மா, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

அதன்பின் நீ எழுதவில்லை. பரீட்சையில்கூடக் கட்டுரைக்கு உரிய பக்கத்தை வெறுமையாக விட்டு வந்தாய். "கை வரலடி" என்றாய். இருபது வயதில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் வீட்டுக்காரம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்தபடி, "என்ன மாதிரி எழுதின பிள்ளை! நான்தான் தூக்கிவிட்டனான்" என்று வந்தவர்களிடம் சொன்னார். உன் அம்மா தலையாட்டினார். காரியம் முடிந்ததும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனார்.

இப்போது சனிக்கிழமைகளில் பாமன்கடைப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதப் பழக்குகிறேன். போன சனிக்கிழமை ஒருத்தி ஓடிவந்து, "மிஸ், எங்கட வீட்டில நடந்ததை அப்படியே எழுதட்டா?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. எழுது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அம்மா எங்க வேலை செய்யிறா?" என்று கேட்டேன்.