ஒரே உலை, இரண்டு வயிறு

மார்ச் 3

இன்றைக்கும் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். காய்கறிப் பை, தண்ணீர்க் கேன், அவளுடைய மாத்திரை. மூன்றாவது மாடி. மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், "என்னங்க, இருக்கீங்களா, போயிட்டீங்களா?" இருக்கிறேன் என்று சொல்ல மூச்சு வரவில்லை.

மகள் இந்தப் போனில் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசினால் இது எழுதிக்கொள்ளுமாம். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறது, படித்துக் காட்டிச் சிரித்தாள். அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறேன். யார் படிக்க? யாரும் வேண்டாம். படியில் மூச்சு வாங்கும் நேரத்துக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

மார்ச் 5

எலும்பு டாக்டர் இவள் முட்டியை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் எடை குறைய வேண்டுமாம். அவளை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள், திரும்பத் தூக்கி ஏற்றினார்கள். ஒரு வருடத்தில் அவள் தெருவைப் பார்த்தது இன்றுதான். அதற்குக் கிடைத்த பதில் இது.

"கொஞ்சமா சாப்பிடுங்கம்மா" என்றார் டாக்டர். "சரிங்க" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம், "இதுக்கு மேல கொஞ்சமா சாப்பிடணும்னா, தட்டைப் பாத்துட்டு எழுந்துக்க வேண்டியதுதான்."

மார்ச் 9

அதே ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு டாக்டர், இளவட்டம், நர்ஸோடு வீட்டுக்கே வந்தார். ஒரே அடுப்பில் சாப்பிட்டு, ஒருவர் குண்டாகவும் ஒருவர் ஒல்லியாகவும் இருக்கிற வீடுகளைத் தேடுகிறாராம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

"உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்குய்யா. அதுல நல்ல கிருமிங்களும் உண்டு."

"நல்ல கிருமியா? நல்ல திருடன் மாதிரியா?" என்றேன். பேருந்து நிலையக் கழிப்பறையில் வாழ்நாளெல்லாம் பினாயில் ஊற்றியவனிடம் இப்படிச் சொன்னால் நான் வேறென்ன கேட்பேன்?

அவர் கோபப்படவில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து சிலர் குடிவருவார்களாம். பால் மறந்து சோறு தின்னத் தொடங்கியதும் வேறு ஆட்கள் வந்து சேருவார்களாம். வயதாக ஆகப் பழைய குடித்தனக்காரர்களில் சிலர் காலி செய்துகொண்டு போய்விடுவதும் உண்டாம். சில மனிதர்களின் வயிற்றில் இருக்கும் கிருமிகள் அதே சோற்றிலிருந்து கூடுதலாகச் சத்தை எடுத்துக் கொடுக்கிறார்களோ என்று பார்க்கிறாராம். "இன்னும் உறுதியா தெரியாதுய்யா" என்று இரண்டு தடவை சொன்னார். அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது.

இவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப என் வயித்துல இருக்கறதுங்க சிக்கனம். இவர் வயித்துல இருக்கறது எல்லாம் ஊதாரி" என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே இரண்டு டப்பாக்களைக் கொடுத்தாள். நீலம் எனக்கு, வெள்ளை இவளுக்கு. மூடி இரண்டும் ஒரே நிறம், அவற்றில் பெயர் ஒட்டியிருக்கிறது.

மார்ச் 10

ஊரார் கழித்ததை எல்லாம் கழுவித் தள்ளினேன், ஒருவரும் என் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பவில்லை. இன்று எங்களுடையதை ஐஸ் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இவளோ டப்பாவை முதலில் சுடுதண்ணீரில் கழுவி, ஜன்னல் ஓரம் காயவைத்த பிறகுதான் தொடவிட்டாள். "யார் யார் கை பட்டுச்சோ!" உள்ளே போகப்போவது என்ன என்று தெரிந்துதான் சொல்கிறாளா?

கொடுத்துவிட்டு வந்தேன். கால் வலி.

மார்ச் 22

ஒரே நினைப்பு. கல்யாணத்தன்று இவள் பெருங்காற்றுக்குத் தாங்கமாட்டாள் போல இருந்தாள். மகள் பிறந்ததும் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுக்கை, ஊசி மேல் ஊசி. எழுந்து வந்த பிறகு உடம்பு வைக்கத் தொடங்கியது. அந்த ஊசி நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. அப்போது வீட்டில் இருந்தது அரைவயிற்றுக் கஞ்சி, அது மட்டும் தெரியும். ஐம்பதைத் தாண்டியதும் இன்னொரு சுற்று பெருத்தாள். என் அக்கா ஒரு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள், "தம்பி எலும்பும் தோலுமா இருக்கான், அவன் பங்கையும் நீயே முடிச்சுடறியா?" எல்லாரும் சிரித்தார்கள். அன்று இவள் உடுத்தியிருந்த பச்சைப் புடவைகூட நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு யார் எதிரிலும் இவள் இரண்டாவது கரண்டி வாங்கியதில்லை. முதல் வாய் வைப்பதற்கு முன்னால் ஒரு சுற்று பார்ப்பாள், யாராவது பார்க்கிறார்களா என்று. வீட்டில் நான் மட்டும் இருக்கும்போதும் அப்படித்தான்.

ஏப்ரல் 6

டப்பாவைப் பரிசோதித்த முடிவு வந்தது. இளவட்ட டாக்டர் ஊரில் இல்லை. நோயாளிகள் எவ்வளவு சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் அம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டு போனில் சொன்னாள். என் குடலில் குடித்தனம் ரொம்பக் குறைவாம், குண்டு உடம்புக்காரர்களிடம் பார்ப்பது போல. இவள் குடலில் எல்லா வகையும் நிறைய இருக்கிறதாம், ஒல்லியானவர்களுக்கு இருப்பது போல.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. அப்ப வாய்தான் காரணம். இனிமே கிருமி மேல பழி போடாதீங்க."

இவள் போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 8

இவள் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9

மகள் போன் செய்தாள். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க தூங்கினதுக்கு அப்பறம் அம்மா எழுந்து ஏதாவது சாப்பிடறாங்களா?"

பெத்த பொண்ணே கேக்கறா. நான் கத்திட்டேன். இவ சாப்பிடறது எனக்குத் தெரியாதா? கட்டின நாள்லேருந்து பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவன் சொல்றேன், யாருமே நம்ப மாட்டேங்கறாங்களே! இவளும் கேட்டுட்டா. கதவு திறந்துதான் இருந்துச்சு. இதை எப்படி எழுதுதோ இந்தப் போன், எழுதிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 11

தட்டு அப்படியே இருக்கிறது. அவள் சாப்பிடாதபோது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? என் தட்டையும் மூடி வைத்தேன். பார்த்துவிட்டாள்.

"நீங்க ஏன் சாப்பிடல?"

"பசிக்கல."

"ரெண்டு பேரும் பட்டினி கெடந்து, யார் முதல்ல போறதுன்னு போட்டியா?" பேசிக்கொண்டே எழுந்தவள் தலைசுற்றிச் சரிந்தாள். நல்லவேளை, கட்டில் பக்கம். என்னால் தூக்க முடியவில்லை. இந்தக் கையால் என்ன பயன்? அப்படியே தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கண் திறந்ததும் தண்ணீர் கொடுத்தேன், பிறகு கஞ்சி, இரண்டு பேருக்கும் ஒரே கரண்டியில்.

ஏப்ரல் 12

இவள் முக்காலியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், வழக்கம்போல ஜன்னல் ஓரம். நான் எடுத்து மூடினேன். "அது காப்பித்தூள் மூடி, அதைப் போய்ச் சர்க்கரைக்குப் போடறீங்களே! கண்ணு எங்க இருக்கு?" என்று அதட்டினாள்.

கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி டப்பாக்களுக்கு மூடி போட்டதும் நான்தான். ஒரே நிறம், ஒரே அளவு. பெயர் மூடியில் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே! இவள் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை.

படியில் இறங்கும்போது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தது.

ஏப்ரல் 13

"டப்பாவைக் கழுவினீங்களா?" இளவட்ட டாக்டர் தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு மூன்று நாள் இவள் சாப்பிடாமல் கிடந்ததைச் சொன்னேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே அழைத்து வரச் சொன்னார். மறுபடி நாற்காலி, மறுபடி இரண்டு ஆட்கள்.

ஏப்ரல் 22

ஒரு வாரத்துக்கு மேலாக இவளை வார்டில் வைத்திருக்கிறார்கள். கொடுப்பதெல்லாம் அளந்த சாப்பாடு. கணக்குப் பார்க்கும் அம்மாவே தட்டோடு வந்து எதிரில் உட்காருகிறாள். எடை முள் அசையவில்லை. இன்று இவள் தட்டில் மீதி வைத்ததைப் பார்த்து அந்த அம்மாவே, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கம்மா" என்றாளாம். "நம்மகிட்ட இப்படிச் சொன்ன முதல் ஆளு இவங்கதான்" என்று இவள் என்னிடம் குசுகுசுத்தாள்.

என்னையும் எடை பார்த்தார்கள். "ஐயா, இந்த வயசுல நீங்க இளைக்கவே கூடாது" என்று எனக்கும் ஒரு திட்டு.

மே 7

வார்டில் எங்கள் இரண்டு பேரிடமும் மறுபடி எடுத்த டப்பாக்களின் முடிவு வந்தது. மூடி மாறித்தான் போயிருக்கிறது. குறைச்சல் குடித்தனம் இவளுடையது. "இதனாலதான் எடைன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்மா, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க அதிகமா சாப்பிடல. அதை மட்டும் நிச்சயமா சொல்வேன்" என்றார் இளவட்ட டாக்டர். சாப்பாட்டுக் கணக்கு அம்மா வாசல் வரை வந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளே, "போகட்டும் விடும்மா" என்றாள்.

எலும்பு டாக்டர் ரொம்ப நேரம் யோசித்தார். கொஞ்சம் ஆபத்து உண்டு, ஆனால் நடக்காமல் கிடந்தால் அதைவிட ஆபத்து, செய்துவிடலாம் என்றார்.

ஜூன் 18

முட்டி மாற்றியாகிவிட்டது. இரவெல்லாம் முனகினாள். நானும் தூங்கவில்லை.

ஜூலை 30

மகள் போன். "அப்பா, எனக்கும் ரெண்டு வருஷமா உடம்பு வைக்குது. பழைய அளவுதான் சாப்பிடறேன். வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க." பிறகு சொன்னாள், "அம்மாகிட்ட குடுங்கப்பா."

கொடுத்தேன். என்ன பேசினார்களோ, நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 14

இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே படி இறங்கினாள். கீழே வந்து சேர எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ரொட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மாலை நேரம், ஆள் நடமாட்டம் அதிகம். எடை பழைய எடைதான், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆளுக்கு ஒரு பன் வாங்கினேன். என்னால் பாதிதான் முடிந்தது. "குடுங்க இப்படி" என்று மீதியை வாங்கி அதையும் தின்றாள். தெருவெல்லாம் ஜனம். ஒரு சுற்றுக்கூடப் பார்க்கவில்லை.