பையோடு நட்ட கன்று

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான், மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தரம் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அதனால் தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் நைட் ஷிப்ட். பகலெல்லாம் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குகிறான், நாங்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி நடமாடுகிறோம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டோம், வந்து சரிசெய்துவிட்டுப் போனான், இப்போது பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது என்று நீ சொன்னாய், நின்றாலும் ஒரு தரம் டாக்டரிடம் காட்டச் சொல். குட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து வண்டி ஓட்டாதே, அவள் எவ்வளவு அழுதாலும் பின்சீட்டுதான்.

பார், ஒரு பக்கம் முடியப் போகிறது, சொல்ல வந்ததை இன்னும் தொடவில்லை. சுற்றி வளைப்பதில் உன் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. சொல்ல வந்தது உன் கன்றைப் பற்றி. அது செத்துப்போய்விட்டது. நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் வளர்த்து அனுப்பிய கன்று, மாநாடு முடிந்த கையோடு செத்துவிட்டது, அதற்குக் காரணம் நான்தான். உனக்கு நான் அனுப்பிய போட்டோவில் இருப்பது அந்தக் கன்று இல்லை. எழுதிவிட்டேன். இனி மேலே படிப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம், ஆனால் படி, உன் கண்காட்சிக்கு முன்னால் உனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

பாதி கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். எல்லா மாநிலத்துப் பூங்கா அதிகாரிகளும் இந்த முறை எங்கள் பூங்காவில் மாநாடு கூட்டப் போகிறார்கள், அதன் நினைவாக மாநிலத்துக்கு ஒன்றாக, அந்தந்த அரசு தன் மாநில மரமாக அறிவித்த மரத்தை வரிசையாக நட்டு, பலகை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து பார்த்துப் படிக்கிற மாதிரி ஒரு பாதை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நர்சரி என் பொறுப்பு என்பதால் கன்று சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றதெல்லாம் எப்படியோ கிடைத்துவிட்டது, உங்கள் மாநிலத்து மரம் மட்டும் இந்தப் பக்கம் எந்த நர்சரியிலும் இல்லை. நீ ஏதாவது கடையில் வாங்கி அனுப்புவாய் என்று நினைத்துத்தான் கேட்டேன். நீயானால் உன் வகுப்பில் பிள்ளைகள் விதை போட்டு, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்த கன்றுகளில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாய். நீ ஏற்றிவிட்ட லாரியின் டிரைவர் அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, டீ குடிக்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து சேர்த்தார். முன்பின் தெரியாத அந்த மனுஷன் பார்த்துக்கொண்டார், நான் பார்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. விழாவில் நடுகிற கன்றைப் பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கிவிடுவோம், மேலே மண்ணைத் தள்ளினால் பை இருப்பது வெளியே தெரியாது. பெரிய மனிதர்கள் உச்சி வெயிலில் வந்து கன்றைச் சாய்த்து வைத்து, காமிராவைப் பார்த்துக்கொண்டே வேரடியை மிதித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கார் ஏறியதும் பையோடு தூக்கிவிட்டு, பிறகு வெயில் தாழ்ந்து ஆற அமர ஒழுங்காக நடுவோம். இந்த முறை பாதைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை பாக்கி இருந்ததால் அது முடிகிறவரை எல்லாக் கன்றையும் தூக்கி நர்சரியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். உன் கன்றையும் பையோடுதான் நட்டார்கள். நீ போனில் வேர் குழியில பரவுறதுக்கு எடம் விட்டீங்களாப்பா என்று கேட்டபோது தாராளமா விட்டிருக்கேன் என்றேன். அதுதான் முதல் பொய், அது பொய் என்றே அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விழா அன்று உங்கள் மாநிலத்து முறை வந்ததும் மைக்கில், இந்தக் கன்று எங்கள் நர்சரிப் பொறுப்பாளரின் மகள், அங்கே டீச்சராக இருக்கிறவர், தன் மாணவர்களோடு வளர்த்து அனுப்பியது என்று அறிவித்தார்கள். பந்தல் முழுக்கக் கைதட்டல். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எத்தனையோ விழாவுக்குக் குழி வெட்டியிருக்கிறேன், மேடையில் ஏறியது அன்றைக்குத்தான், கால் தரையில் பாவவில்லை. விழா முடிந்து கன்றுகளைத் தூக்கியபோது நர்சரியில் வேலை செய்கிற அக்கா உன் கன்றையும் மற்றதோடு நிழல்வலைக்குக் கீழே வைக்கப் போனார். இது குளிர்ந்த ஊர்க் கன்று, வலை நிழல் பத்தாது, என் ரூமுக்குப் பின்னால குழாயடியில வெச்சு நானே பாத்துக்கறேன், யாரும் தொடாதீங்க என்று அதட்டிவிட்டு நானே வாங்கிக்கொண்டு போனேன். போகிற வழியில் பத்திரிகைக்காரர் ஒருவர் கேடயத்தோட ஒரு படம் எடுத்துக்கலாம் சார் என்றார். கன்றைச் சுவரோரம் இறக்கி வைத்தேன். படம் எடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், பூங்கா இயக்குநர் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான் பாப்பா. அதற்குப் பிறகு எனக்கு அதன் நினைப்பே வரவில்லை. கேடயத்தை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்று அம்மாவோடு சண்டை போட்டேன், கன்று எங்கே என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அந்தச் சுவரோரம்தான் அடுக்கியிருக்கிறார்கள், கன்று அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. அவர்கள் வந்து நாற்காலியை எல்லாம் வண்டியில் ஏற்றிய அன்று, இது உங்க செடியா சார் என்று கொண்டுவந்து நீட்டினார்கள். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், மேலிருந்து அடிவரை கீறினேன், பச்சையே இல்லை. பைக்குள் மண் கட்டியாகக் காய்ந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய், பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் இருந்து தாத்தா மரம் எப்படி இருக்கு என்று கத்தினார்கள். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஜோரா இருக்கு, துளிர் விட்டிருக்கு என்று வருகிறது. போட்டோ கேட்டார்கள். மறுநாள் நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. காம்பவுண்டு ஓரத்தில் தானாக முளைத்த ஏதோ ஒரு கன்று, களை என்று நாங்களே பிடுங்கிப் போடுகிற இனம், அதன் பக்கத்தில் உங்கள் மாநிலத்துப் பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் குத்தி வைத்து, சுற்றிலும் மண்ணைக் கொத்தி நனைத்து, குனிந்து நிமிர்ந்து போட்டோ எடுத்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு என்ன சார் பண்றீங்க என்று கேட்டான், பலகையத் தொடைக்கிறேன் என்றேன். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

நீ கெட்டிக்காரி, பார்த்த உடனே கேட்டாய், ஏன்ப்பா எங்க இலை ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கும், இது என்ன வழவழன்னு இருக்கு என்று. அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். இத்தனை வருஷ சர்வீஸையும் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, சீதோஷ்ணம் மாறினா இலையும் மாறும் பாப்பா, இங்க இருக்கிற வெயிலுக்குப் பல்லு மழுங்கிடும் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். நீ அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாத செடியா என்று நினைத்திருப்பாய்.

போன வாரம் நீ சந்தோஷமாகச் சொன்னாயே, பிள்ளைகள் உங்கள் ஊர் இலையை அழுத்திக் காயவைத்துப் பாடம் பண்ணி ஒரு பக்கம் ஒட்டி, என் போட்டோவை மறுபக்கம் ஒட்டி, ஒரே மரம் இரண்டு ஊர் என்று தலைப்புப் போட்டு சார்ட் செய்திருக்கிறார்கள், வெயில் ஊரில் இலையின் பல் மழுங்கிவிடும் என்று எழுதி, கீழே தகவல் தந்தவர் எங்கள் டீச்சரின் அப்பா என்று போட்டிருக்கிறார்கள், மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது, காலேஜ் பேராசிரியர்கள் வந்து பார்த்துக் கேள்வி கேட்பார்கள், நீதான் பக்கத்தில் நிற்கப் போகிறாய் என்று. நான் சபாஷ் என்றேன் பாப்பா. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செடிப் படிப்புப் படித்தவர் ஒருவர் அந்தப் போட்டோவைப் பார்த்தால் இது வேறு மரம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். நீ எத்தனை கஷ்டப்பட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் பேர் எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா. பிள்ளைகளுக்கு முன்னால், தலைமையாசிரியைக்கு முன்னால் நீ தலைகுனிந்து நிற்பாய், அதற்கு என் வாய் காரணம். ஒருவேளை யாரும் கண்டுபிடிக்காமல் போனால் அது இன்னும் மோசம், அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானாலும் அதை நிஜம் என்றே நம்புவார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, அவ உங்கள நம்புறான்னு தெரிஞ்சுதான சொன்னீங்க என்றாள். அதிலிருந்து மாடிப்படியில் திட்டுவதோடு சரி, என்னோடு பேச்சு இல்லை, உப்பு வேண்டுமா என்பதைக்கூடத் தூங்குகிற தம்பியை எழுப்பி அவன் வழியாகக் கேட்கிறாள். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த மாநிலத்துக்காரன் வந்தா பாக்கப் போறான், ஏதாவது ஒரு செடிய நட்டு விடுங்க சார் என்றார். நான் செய்ததைத்தான் அவர் சொன்னார், ஆனால் இன்னொருவர் வாயால் கேட்கும்போது காது கூசியது. வேண்டாம், அந்தக் குழி காலியாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், முனகிக்கொண்டே சரி என்றார். டைல்ஸ் வேலை முடிந்து மற்றக் கன்றுகளை நட்டோம், ஒவ்வொன்றுக்கும் பையைக் கிழித்து வெளியே எடுக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

இவ்வளவுக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பாய். நேற்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அந்தப் பாதைக்குக் கூட்டிவந்தார்கள். காலிக் குழிக்குப் பக்கத்தில் நின்று, இங்க மட்டும் ஏன் சார் மரம் இல்ல என்று கேட்டார்கள். நான், வெயில்ல காஞ்சு போச்சு என்றேன். பழியை வெயில் மேல் போட்டுவிட்டேன் பாப்பா. அவர்கள் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். இனி வாயால் சொல்ல என்னை நானே நம்ப முடியாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று கூரியரில் அனுப்புகிறேன், கண்காட்சிக்கு முன்னால் கிடைத்துவிடும்.

கையில் கிடைத்ததும் முதல் வேலையாக அந்த சார்ட்டை இறக்கு. இலை மாறாது, உங்கள் ஊரிலும் பல் பல்லாகத்தான் இருக்கும், இங்கே பிழைத்திருந்தால் இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல். அவர்கள் ஒழுங்காக வளர்த்தார்கள், அவர்கள் கையில் இருந்தவரை அது நன்றாக இருந்தது, அதையும் மறக்காமல் சொல். யார் பொய் சொன்னது என்று கேட்டால் மறைக்காதே, இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. என் அப்பாதான் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் பூங்காவில் ஒரு ஆள் என்று சொல்லிக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன். கண்காட்சிக்கு வேறு ஏதாவது வைக்க நாள் போதுமா தெரியவில்லை, போதாமல் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பே போய்விட்டால் அதுவும் என் கணக்கில்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், இதை அவரும் படிக்கட்டும். குட்டிக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் முன்னால் நீ என்றைக்கும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் குணம் எனக்குத் தெரியும். நீ சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மறந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், தலை சொட்டச் சொட்ட மழையில் தனியாக நடந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லப்பா என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். இப்போதும் அதைத்தான் சொல்வாய், கையோடு இன்னொரு கன்றையும் லாரியில் ஏற்றிவிடுவாய். அனுப்பாதே. உடனே பரவாயில்லப்பா என்று சொல்லிவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு, நன்றாகத் திட்டு, பரவாயில்லை என்று நிஜமாகவே சொல்லத் தோன்றுகிற வரைக்கும் திட்டு. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா