நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம்

அத்தை, நால்வழிச் சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்திருக்கிறது. இன்று காலை சின்னசேலத்திலிருந்து வரும்போது ஒரு தண்ணீர் லாரி நின்று நின்று அதற்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தது. "எவ்ளோ அழகா வச்சிக்கினு இருக்காங்க பாருங்க" என்றாள் பேருந்தில் பக்கத்தில் இருந்தவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தை அப்போதுதான் பேருந்து கடந்தது.

அங்கே முன்பு புளியமரங்கள் நின்றன. சாலையோர மரங்களின் காய்ப்பை ஏலம் விடுவார்கள். நம் ஊர் எல்லைக்குள் இருந்தவற்றை வருஷா வருஷம் நீதான் குத்தகைக்கு எடுப்பாய். மாமா செத்த பிறகு உனக்கும் உன் மகளுக்கும் அதுதான் சோறு. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்களில் மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். உன் மரத்துக்கும் வந்தார்கள். ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் உன் சொந்த அண்ணன், என் அப்பா. காய் பிஞ்சாக இருந்த மாதம்.

"தை வரிக்கும் பொறு அண்ணே. பழத்த உலுக்கிக்கினு நானே ரம்பம் எடுத்தாறேன்."

கூட்டம் சிரித்தது. அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. "உன் பொண்ணுக்குக் காலேஜ்ல எடம் வாணாவா? எல்லாம் உனுக்காவத்தான்!"

"எனுக்காவன்னா என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

கேட்கவில்லை. வெட்டினார்கள்.

பிறகு கிடைத்த ஒதுக்கீட்டில்தான் நான் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தேன். கோரிக்கை நியாயமானது, இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மரத்தை வெட்டிய வருஷமே உன் மகளின் படிப்பும் நின்றது. இந்த இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை.

அப்புறம் வளர்ச்சி வந்தது. கரும்புக் கழனிகளில் மனைக்கற்கள் முளைத்தன. கிடங்குகள் வந்தன, கல்லூரிகள் வந்தன, சென்னை இனிக் கூப்பிடு தூரம் என்று பலகை வைத்தார்கள். ஊர் இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம் என்று நடுவே, கழனிகளையும் விழுங்கிக்கொண்டு, பழைய சாலை நால்வழியாக அகன்றது. சாலையை அகலப்படுத்துவதற்கு முன் நடந்த கூட்டத்தில், எல்லாம் உங்கள் முன்னேற்றத்துக்காக என்று அதிகாரி பேசி முடித்ததும் நீ எழுந்தாய்.

"முன்னேத்துங்க சார், வாணாங்கல. எம் மாடு எப்பிடிங்க அந்தாண்ட போவும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சுரங்கப்பாதை உண்டு என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். சாலையைத் திறந்தார்கள். சுரங்கப்பாதை வரைபடத்தோடு நின்றது.

மாட்டை ஓட்டிப்போக முடியாமல் நீ புல்லை அறுத்துத் தலையில் சுமந்துவந்தாய். நடுத்திட்டில் ஏறி இறங்கித்தான் எத்தனையோ வருஷம் போய் வந்தாய். ஒரு சாயங்காலம் சேலம் போகிற கார் ஒன்று அடித்துப் போட்டது. 'கவனக்குறைவாகச் சாலையைக் கடந்த மூதாட்டி' என்று செய்தி போட்டார்கள். யாருடைய கவனக்குறைவு, அத்தை? கூட்டத்தில் வழி கேட்டவள் நீ. சரி என்று தலையாட்டிவிட்டு மறந்தவர்கள் அவர்கள். நீ செத்த பிறகு அவர்கள் செய்தது ஒன்றுதான்: நடுத்திட்டில் இரும்பு வேலி போட்டார்கள், இனி யாரும் ஏறக்கூடாது என்று.

அந்த வேலியை யாரோ அறுத்து வழி பண்ணியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். இப்போது பெண்கள் தனித்தனியாகக் கடப்பதில்லை. எல்லாரும் வந்து சேரும்வரை ஓரமாகக் காத்திருக்கிறார்கள். பிறகு உன் மகள் முதலில் இறங்கி வண்டிகளுக்கு எதிரே கையை நீட்டி நிற்கிறாள். இன்று சாயங்காலம் நானும் போனேன்.

கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கினார். "இன்னாம்மா, உங்கப்பன் வூட்டு ரோடா?"

"ரோடு உங்களுதுதான் சார். அதுங்கீழ கெடக்கிறது எங்கப்பன் வூட்டுக் கழனி. செத்த நில்லுங்க" என்றாள் உன் மகள்.

அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் நகரவில்லை. எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து பழகியவள் நான். போய் அவள் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன். கடைசிப் புல்கட்டு கடக்கும்வரை இறக்கவில்லை.

காலம் போனால் மனசு ஆறிவிடும் என்கிறார் அப்பா. சுரங்கப்பாதை வரும்வரை ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன்.