கையில் கடலை வாங்கும் கறுப்பு அணில்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
துர்கா பூஜை முடிந்த வாரம்

அன்புள்ள நரேனுக்கு அம்மாவின் பிஜயா தசமி ஆசீர்வாதம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்த முறை அதைக் கேள்வியாக எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அதனால்தான் டொரண்டோ திரும்பும் எதிர்வீட்டு மஹிமா கையில் இந்தக் கடிதம்.

பந்தலெல்லாம் பிரித்தாகிவிட்டது, மழைதான் விடவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, சாயங்காலம் என்னோடு லேக் வரை நடக்கிறார். நீ அனுப்பிய கறுப்பு அணில் வீடியோவை அங்கே எல்லோருக்கும் காட்டினேன். கரிச்சட்டி மாதிரி உடம்பு, முதுகில் பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. வேறு இனமா என்று கேட்டதற்கு, இல்லையம்மா, சாம்பல் அணிலும் இதுவும் ஒரே ஈற்றில் பிறக்கும் என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு மித்ரா தாதா மட்டும் நிறத்தைப் பார்க்கவில்லை, அது உன் ஷூ மேல் ஏறிக் கையிலிருந்து கடலை வாங்குவதைப் பார்த்தார். லேக்கில் தினமும் பொரி போடுகிறவர் அவர். நான் போட்டால் தூர நிற்கும் அணில்கள் அவர் கைக்கு மட்டும் வரும். தினம் ஒரே நேரத்துக்குப் போகிறவனிடம்தான் இப்படிப் பழகும், உங்கள் பிள்ளைக்கு நல்ல பொறுமை என்று மெச்சினார். அப்பா பக்கத்தில்தான் நின்றார், காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. உன் அணில் படங்கள் ராத்திரி நான் பாலுக்கு உறை ஊற்றும்போது வரும். அங்கே அப்போது நடுப்பகல், ஆபீஸ் நேரம். திங்களும் வருகிறது, புதனும் வருகிறது. வேலை போய்விட்டதா நரேன்? போயிருந்தால் போகட்டும். அதைச் சொல்ல ஆளில்லாமல் ஓர் அணிலோடு உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளிர் வருகிறது, பார்க் பெஞ்சிலேயே உட்காராதே, கொஞ்சம் நட. வேளைக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. உன் ஆபீஸ் பெருமை பேசாமல் அவருக்குக் கடையில் காப்பிப்பொடி வாங்க வராது, உனக்குத் தெரியாதா. இன்று மஹிமாவிடம் கொடுக்கப் பார்சல் கட்டும்போது வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்தார். இது எதற்கு என்றேன். "அந்த அணிலுக்குத்தான். இப்ப அவனுக்கு நேரம் இருக்குமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கும் சேத்துத்தான் வாங்கினேன்" என்றார்.

ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இனி யாருக்காக மறைக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போன் செய், முதலில் அப்பாவிடம் பேசு. ஸ்பீக்கரை நானே அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

தீர்க்காயுசாக, தைரியமாக இரு. பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வை. அணிலுக்குப் பாதி போதும்.

உன் அம்மா,
சுந்தரவல்லி