எட்டாம் பக்கம் உனக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் போனிலேயே கேட்டாயிற்று. இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் ‘சரி சரி, வேலை இருக்கு’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் குட்டிப் பத்திரிகைக்கு நீ ஒரு பக்கம் படக்கதை வரைந்து அனுப்ப வேண்டும். முகத்தைச் சுளிக்காதே. நீ பென்சிலைத் தொட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இப்போது ஏசி மெக்கானிக், எல்லாம் தெரியும். நிறுத்தியது யாரால் என்பதும் தெரியும். முழுக்கப் படி.

நான் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவள்தானே. நாலு மாதத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. காமிக்ஸ் புத்தகங்களில் அதிகாரிகளைக் கிண்டல் செய்யும் பேச்சையெல்லாம் மறைக்க வேண்டுமாம். நூலகர் ஐயா என் கையில் ஒரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்தார். முதல் புத்தகத்திலேயே மை ஊறி, பின்பக்கத்துக் குதிரையின் முகமே போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதனால் வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் பேச்சின் மேல் மட்டும் ஒட்டினேன். நாற்பத்து மூன்று புத்தகம்! ஐயா பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

வெள்ளைத் தாளைக் கண்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பத்தாம் நாள் திரும்பி வந்த ஒரு புத்தகத்தில், குண்டு இன்ஸ்பெக்டரின் வாய்க்குப் பக்கத்தில் என் துண்டின் மேல் பச்சை மையில் எழுதியிருந்தது: ‘ஐயோ, என் வாய யாரோ ஒட்டிட்டாங்க, இனி எப்படித் திங்கிறது?’ நான் சிரித்த சிரிப்பில் பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் துண்டைப் பிய்த்துவிட்டு வேறு ஒட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. அடுத்த வாரம் அதே புத்தகத்தில் திருடன் அவருக்குப் பதில் சொல்லியிருந்தான், சாய்ந்த எழுத்தில். இரவல் அட்டையைப் பார்த்து ஆளைப் பிடித்தேன். பச்சை மை சலூன்காரர், சாய்ந்த எழுத்து பிரசவ வார்டு நர்ஸம்மா.

ஐயா கண்ணில் பட்டதும் குதி குதியென்று குதித்தார். எல்லாப் புத்தகமும் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது. அழாத குறையாக வாசலில் நின்றேன். நர்ஸம்மாதான், ‘பூட்டுனா பூட்டிக்கட்டும், நமக்குக் கை இல்லையா, நாமளே போடுவோம்’ என்றார்.

சலூன் லீவு நாளில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தோம். ஒரே தாள், மூன்று மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு, எட்டுப் பக்கப் புத்தகம் தயார். மடிப்பதில் என்னை விட்டால் ஆள் ஏது என்று அலட்டிக்கொண்டேன். அறுபது ஜெராக்ஸ் எடுத்து மடித்துப் பார்த்தால் நாலு பக்கம் தலைகீழ்! மேல் வரிசையைத் தலைகீழாக வரையச் சொல்ல மறந்துவிட்டேன். சலூன்காரர் அசரவில்லை. ‘நாற்காலியிலதான சுத்துறாங்க, புத்தகத்தையும் சுத்தட்டும்’ என்றார். இரண்டே நாளில் அறுபதும் காலி. ஐயாவே ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, ‘எதுக்கும்மா வம்பு, அடுத்தத போடுறதுக்கு முன்னாடி கொண்டா, ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்’ என்றார். காட்டிவிட்டுப் போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, கவலைப்படாதே.

ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘பாத்துட்டுத் தர்றேன்.’ அன்றைக்கு உன்னிடம் நான் சொன்னதும் அதேதானே? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு. உள்ளே கொம்பு வைத்த ராட்சசி, கையில் கரண்டி. நான்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா இல்லாத வீடு, நீ படித்து முன்னுக்கு வரவேண்டும், அதற்காகத்தான் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்டா. என்னைப் பார்த்து நீ சிரித்துவிட்டாயே என்ற கோபம். தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துவிடு.

இரண்டாம் இதழில் ஏழு பக்கம் தயார். எட்டாம் பக்கம் உனக்கு. கவரை நன்றாக ஒட்டி நர்ஸம்மா விலாசத்துக்கு அனுப்பு, பின்னால் எழுதியிருக்கிறேன். பிரிப்பது அவர், ஜெராக்ஸ் எடுப்பது அவர். மடிக்கிற வேலையைக்கூட இந்த ஒரு தடவை சலூன்காரருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நீ என்ன வரைந்தாய் என்று யாரையும் கேட்க மாட்டேன். புத்தகம் வெளியாகிற அன்று எல்லாரோடும் வரிசையில் நின்று, என் பிரதியை வாங்கித்தான் பார்ப்பேன்.

நன்றாக இருடா கண்ணா.

உன் பக்கத்துக்காகக் காத்திருக்கும்
அக்கா