கணவாய் என்று சொன்ன கறி

அப்பா,

இன்று காலை சந்தை வாசலில் ஒரு பெண் பெட்டியில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சுண்டு அளந்து வாங்கி, பஸ் நிலையம் வரும்வரை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே நடந்தேன். பஸ்ஸில் ஏறியதும் நடத்துனர் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டார். பதில் சொல்லப் பார்த்தால் உதடு இரண்டும் பழத்தின் பால் பிசினில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. வீடு இருக்கும் உப்புவெளிப் பக்கமாகக் கையை நீட்டினேன். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தார். ஒட்டிய உதட்டோடு யன்னலோரம் இருந்தபோதுதான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

எட்டு வருடங்களுக்கு முந்திய அந்த ஆனி மாதத்தில் நீங்கள் குசினியைப் பொறுப்பெடுத்த முதல் நாளும் பாலைப்பழத்தோடுதான் வந்தீர்கள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. மற்றக் கண்ணும் மங்கல்தான். அதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஒரு மாதத்துக்குப் புகை படக்கூடாது, குனியக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்னம்மா மூன்று நேரமும் சாப்பாடு அனுப்புகிறேன் என்றார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஒரு சோறு கறி காய்ச்ச ஏலாதா என்று கேட்டீர்கள். கொழும்பிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்த எனக்கும் கடைச் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கறுப்புக் கண்ணாடி வழியாக மாறிமாறிப் பார்த்தார்.

கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் சொதிக்குப் பிழியத் தேசிக்காயும் வாங்கிவரச் சொல்லித்தான் உங்களை அனுப்பினோம். இரண்டு சுண்டு பாலைப்பழமும் ஒரேயொரு தேசிக்காயும் வந்தன. பழத்தைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று என்று வெட்கமில்லாமல் சொன்னீர்கள். அன்று மத்தியானம் சோறும் அப்பளமும் சொதியும்தான். சொதிக்கு நீங்கள் ஒரு முறையும் நான் ஒரு முறையும் உப்புப் போட்டிருந்தோம். அம்மா ஒரு வாய் வைத்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்து, சொதிக்குள்ளேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணியாகிவிட்டது.

அந்த ஒரு மாதத்தைப்போல் அவசரமில்லாத நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. பகல் முழுக்கக் கச்சான் காற்று சுடச்சுட வீசும். காற்று எழும்பும் முன்னர் நீங்கள் சைக்கிளில் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுத்து முடியும்வரை நின்று, வலையில் விழுந்ததில் ஏதாவது வாங்கி வருவீர்கள். ஒரு நாள் சூடை, ஒரு நாள் கீரிமீன், ஒரு நாள் பேர் தெரியாத ஒன்று. அம்மா குசினிக்கு வெளியே, புகை வராத பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு மணத்தை வைத்தே சொல்லித் தருவார். வெங்காயம் போதும், இனித் தூளைப் போடுங்கோ என்பார். நீங்களோ எஞ்சினைக் கேட்பதுபோல் சட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோவீர்கள். "சத்தம் மாறுது பிள்ளை. தண்ணி காணாது" என்பீர்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

எத்தனை விஷயங்களைக் கண்டுபிடித்தோம். காரல் மீன் சொதிக்கு மாங்காய்த் துண்டு போட்டால் புளி வேண்டியதில்லை என்பதை. முதல்நாள் மிஞ்சிய பிட்டை வெங்காயமும் முட்டையும் போட்டுக் கிளறினால் புதுப் பிட்டைவிட முந்தித் தீர்ந்துபோகும் என்பதை. வெள்ளரிப்பழத்தைப் பிளந்து சர்க்கரை தூவி, வெயில் ஏறிய பிறகு சாப்பிட்டால் மத்தியானச் சோறே தேவைப்படாது என்பதை. இதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான் என்று அம்மா சொன்னார். எங்களுக்கு அன்றுதானே தெரிந்தது என்றீர்கள் நீங்கள்.

மூன்றாவது கிழமை கிண்ணியாவிலிருந்து நானா வந்தார். உங்களோடு அதே படகில் வேலை செய்தவர். அவருடைய ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் சின்ன வயதிலிருந்தே நானா என்று கூப்பிட்ட மனிதர். அம்மாவின் சுகம் விசாரித்துவிட்டுப் போகும்போது உங்களிடம் ஒரு பையைத் தந்தார். களப்புச் சேற்றில் பொறுக்கிய மட்டி. அவருடைய மனைவி அவித்து, ஓட்டைக் கழற்றி, சதையை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார். எப்படிச் சமைப்பது என்று நானா சொல்லச்சொல்ல நீங்கள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டீர்கள். எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டி ஏறியதே இல்லை. அம்மா வயல் பக்கத்து ஊரில் பிறந்தவர். அது சேறு, அதையும் மனிசர் தின்பினமா என்பார்.

அம்மா குளித்துவிட்டு வந்து, கறி மணக்கிறதே, என்ன என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சட்டியைப் பார்த்தேன். கணவாய் மீன் என்று சொல்லிவிட்டீர்கள்.

அம்மா இரண்டாவது முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். கணவாய் இவ்வளவு மெதுவாக வரும் என்று தனக்குத் தெரியாது, எத்தனை நிமிடம் அவித்தீர்கள் என்று கேட்டார். உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கமாட்டேன். அதற்குள் அம்மாவின் வாயில் ஏதோ கடிபட்டது. எடுத்து விரலில் வைத்துத் தடவினார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கணவாய்க்கு எப்ப ஓடு முளைச்சது?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிக்கத் தொடங்கினீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

"இண்டைக்குக் கணவாய் எண்டு சொல்லித் தந்தீங்கள். எனக்குக் கண் தெரியாது எண்டுதானே. நாளைக்கு வேறை என்னத்தைத் தருவீங்கள்?"

கையைக் கழுவிவிட்டு, சுவரைத் தடவித் தடவி அறைக்குள் போய்விட்டார். நீங்கள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அப்படியே இருந்தீர்கள். ஒரு பகிடி என்று நினைத்தது இவ்வளவு கேவலமாக மாறும் என்று எனக்கும் தெரியவில்லை. மத்தியானம் முழுக்க வீட்டில் காற்றின் சத்தம் மட்டும்தான். மூன்று மணிக்கு நீங்கள் தேநீர் ஊற்றி, சாடியை மூடிவைத்து, பிறகு திறந்து பார்த்து, பிறகு இரண்டு கோப்பைகளோடு அறைக்குப் போனீர்கள். கதவைச் சாத்தவில்லை. நான் விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிழை உங்களுடையது என்று முதலில் சொன்னீர்கள். பிறகு, நானாவின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து படகில் முப்பது வருடமாக மட்டிக்கறி சாப்பிட்டு வந்ததைச் சொன்னீர்கள். அம்மா கேட்டார்:

"முப்பது வருஷமாவோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்குப் பிடியாது. வேறை வீட்டுச் சாப்பாடு ருசி எண்டு சொன்னால் உம்முடைய சமையலைக் குறை சொன்ன மாதிரி இருக்கும் எண்டு நினைச்சனான்." நீங்கள் நிறுத்தினீர்கள். கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. "இந்த மூண்டு கிழமையாத்தான் எனக்கு விளங்குது, இது எவ்வளவு வேலை எண்டு. இத்தனை வருஷமாச் சாப்பிட்டனான். ஒரு நாளாவது நல்லாயிருக்கு எண்டு சொன்னனானோ?"

"சொல்லேல்லை" என்றார் அம்மா. "ஆனால் நீங்கள் சட்டியை வழிச்சுச் சாப்பிட்டதைப் பாத்தனான் தானே."

அதற்குப் பிறகு அம்மாவின் குரல் மாறியது. தேநீருக்குச் சீனி போடவில்லை என்றார். நீங்கள் சீனி எடுக்க வெளியே வந்தபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. என்னைக் கண்டதும், கச்சான் காற்றில் ஒரே தூசி என்றீர்கள்.

அடுத்த நாளிலிருந்து அம்மாவின் சோற்றுக் கோப்பையில் என்ன விழுகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுதான் பரிமாறினீர்கள். இது பூசணி. இது முருங்கையிலை வறை. இதுக்குள்ளை ஒரு மிளகாய் இருக்கு, கவனம். ஒரு கிழமை கழித்து அம்மா தானாகவே கதையைத் தொடங்கினார். நானாவிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் மட்டி எடுப்பியுங்கோ, இந்த முறை தேங்காய்ப்பால் கூட விடவேணும், போன முறை உறைப்புக் கூடிப்போயிற்று என்றார். நீங்கள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள். இவ்வளவு தூரம் சைக்கிளிலா என்று கேட்டு அம்மாதான் உங்களை மறித்து பஸ்ஸில் அனுப்பினார்.

மாதம் முடிந்து அம்மா முதல் தடவையாகக் குசினிக்குள் போனபோது நானும் பின்னால் போனேன். தூள் டின், கடுகு டின், சீரக டின் எல்லாவற்றையும் நீங்கள் ஸ்பனர்களைப்போல உயர வரிசைப்படி அடுக்கியிருந்தீர்கள். உங்கள் சதுர எழுத்தில் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. அம்மா கிட்டப்போய் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு டின்னைத் தூக்கினார். பழைய இடத்தில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். தூசி தட்டிவிட்டு, நீங்கள் வைத்த இடத்திலேயே திரும்பவும் வைத்தார். உங்களை அவர் குசினியிலிருந்து வெளியே அனுப்பவும் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் நீங்கள் இரண்டு பேரும் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு சமைத்தீர்கள். லீவில் வரும்போதெல்லாம் வாசலிலேயே உங்கள் வாதம் கேட்கும்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. நான் வேலையை இங்கேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா சுகம், இரண்டு கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறது. சமையலில் நான் உங்கள் அளவுக்கு வரவில்லை, சட்டியின் சத்தம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அன்று அறைக்குள் நீங்கள் அம்மாவிடம் ஒப்புக்கொண்டதை மட்டும் நான் விடவில்லை. ஒருவர் கையால் ஒன்றைச் சாப்பிட்டு, அது நன்றாக இருந்தால், வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது.

போன கிழமை கந்தோரில் வேலை முடிந்து வரும் வழியில், துறைமுக வீதித் தேநீர்க் கடையில் உளுந்து வடை வாங்கினேன். அந்த மனிதரிடம் மாதக்கணக்காக வாங்குகிறேன். அவரும் தருவார், நானும் போவேன், ஒரு கதை இருக்காது. அன்று அங்கேயே நின்று ஒரு கடி கடித்துவிட்டு, "அண்ணை, வடை நல்லாயிருக்கு" என்றேன். அவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்து, நான் வேறு யாரிடமோ சொல்கிறேன் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு, சூடாக இறக்கியதில் ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றி என் கையில் வைத்தார்.

அந்த வடை உங்களுடையது, அப்பா. பஸ் வருவதற்குள் நான் சாப்பிட்டுவிட்டேன்.